சின்ன ஓட்டைதானே!



இன்று பல வீடுகளில் பைக் இருக்கிறது. பால் கொண்டு போக பைக். சந்தைக்குப் போக பைக். அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பைக்தான்.

பைக் வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். டயரில் ஒரு சிறிய ஆணி. காற்று கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் முழுவதும் இறங்கவில்லை. போக வேண்டிய வேலை இருக்கிறது. வண்டியை ஓட்டலாமா? ஓட்டக் கூடாதா?

"சின்ன ஓட்டைதானே, போய்விடலாம்" என்பார் ஒருவர். "ஆணி ஏறிய வண்டியைத் தொடவே கூடாது" என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

ஓட்டை சின்னதா பெரிதா என்று பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. காற்று நிற்கிறதா, நிற்கவில்லையா என்று பார்க்க வேண்டும். அதை நாமே சோதித்துப் பார்க்கலாம். எப்படி என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. சுமப்பது காற்று

ஒரு சாதாரண பைக்கின் எடை 100 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் ஏறினால் இன்னும் 100 கிலோவுக்கு மேல் கூடும். இந்த எடையை எல்லாம் தாங்குவது எது?

ரப்பர் என்று நாம் நினைப்போம். ரப்பர் மட்டும் இவ்வளவு எடையைத் தாங்காது. டயருக்குள் அடைத்து வைத்த காற்றுதான் தாங்குகிறது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயர் தரையில் நசுங்கும். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் சுடும். பிறகு ஒடிந்து விடும். டயரும் அப்படித்தான். மடங்கி மடங்கிச் சூடாகும். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் பலம் இழக்கும்.

வண்டியும் சொன்னபடி கேட்காது. பின் டயரில் காற்று குறைந்தால் வண்டியின் பின்பக்கம் மீன் வால் போல ஆடும். முன் டயரில் குறைந்தால் ஹேண்டில்பார் கனமாக இருக்கும். வளைவில் வண்டி திரும்பாமல் இழுக்கும். முன் டயரில் காற்று போவது இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் வண்டியைத் திருப்புவது முன் சக்கரம்தான்.

2. டயர் இரண்டு வகை

ஒன்று, டியூப் உள்ள டயர். இதில் டயருக்குள் தனியாக ஒரு டியூப் இருக்கும். காற்று அந்த டியூபுக்குள் இருக்கும். ஸ்போக்ஸ் கம்பி உள்ள சக்கரங்களில் பெரும்பாலும் இந்த வகைதான்.

டியூப் என்பது ஊதிய பலூன் மாதிரி. ஆணி குத்தினால் ஓட்டை விரியும். காற்று வேகமாக வெளியேறும். கம்பித் துளைகள் வழியாகவும், வால்வு வரும் துளை வழியாகவும் வெளியே போய்விடும்.

இரண்டு, டியூப்லெஸ் டயர். இதில் டியூப் கிடையாது. டயரும் ரிம்மும் சேர்ந்து காற்றை அடைத்து வைத்திருக்கும். ஆணி குத்தினால், டயரின் தடித்த ரப்பர் ஆணியை இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். காற்று மெதுவாகத்தான் கசியும். சில நேரம் கசியாமலும் இருக்கும்.

உங்கள் வண்டி எந்த வகை? டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அல்லது பஞ்சர் கடையில் கேளுங்கள். ஒரு முறை தெரிந்து கொண்டால் போதும். அலாய் வீல் என்றாலே டியூப்லெஸ் என்று நினைக்க வேண்டாம். அலாய் வீலிலும் டியூப் போட்ட வண்டிகள் உண்டு.

3. பஞ்சர் கடையில் ஒரு கணக்கு

இப்போது ஒரு கதை படிப்போம்.

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. அங்கே மூணாற்றில் தேயிலைத் தோட்டங்கள் நிறைய உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள். மூணாற்றிலிருந்து மறையூருக்கு ஒரு மலைச் சாலை இறங்குகிறது. தூரம் சுமார் 40 கிலோமீட்டர். ராஜமலை, வாகவரை, தலையாறு வழியாகப் போக வேண்டும். வழியெல்லாம் வளைவுகள். ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் பள்ளம்.

முத்தையாவும் செல்லக்கனியும் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அன்று மறையூரில் முத்தையாவின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நேரம் காலை 11 மணி.

காலை 8 மணி. பைக்கை எடுத்தார்கள். பின் டயர் தொய்ந்து கிடந்தது. மெதுவாகத் தள்ளிக்கொண்டு மூணாறு பஞ்சர் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, காத்து மட்டும் அடிச்சு விடுங்க. அவசரமாப் போகணும்" என்றார் முத்தையா.

"கடைசியா எப்பக் காத்துப் பிடிச்சீங்க தம்பி?"

"நேத்து சாயங்காலந்தான் அண்ணாச்சி."

"நேத்துப் பிடிச்ச காத்து இன்னைக்கு இல்லேன்னா, அது எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். எங்கே போகுதுன்னு பார்த்துட்டுப் போங்க."

கடைக்காரர் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். "எவ்வளவு காத்து பிடிக்கணும்?" என்று கேட்டார். முத்தையா விழித்தார்.

செல்லக்கனி குனிந்து செயின் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். அவர் இரவு வகுப்பில் படித்தவர். எண்கள் நன்றாகத் தெரியும்.

"அண்ணாச்சி, பின் சக்கரத்துக்கு ஒரு ஆள்னா 28. ரெண்டு ஆள்னா 32ன்னு போட்டிருக்கு."

"அப்படிச் சொல்லு தாயி. இந்த ஸ்டிக்கரை யாருமே பார்க்கிறதில்லை."

கடைக்காரர் 32 வரை காற்று பிடித்தார். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி வரவில்லை. "வால்வுல கசிவு இல்லை" என்றார். பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். ரப்பருக்குள் ஏதோ மின்னியது. தலை தேய்ந்த சின்ன ஆணி.

"இதுதான் ஆள். 10 நிமிஷம் பொறுங்க."

பத்து நிமிடம் கழித்துக் காற்றை அளந்தார். கேஜ் முள் 29இல் நின்றது.

"மூணு போயிருச்சு பாருங்க."

"மூணுதானே அண்ணாச்சி. காத்து இன்னும் 29 இருக்கே. ஒன்றரை மணி நேரத்துல மறையூர் போயிருவோம். போயிரலாம்ல?"

செல்லக்கனி விரல் விட்டு எண்ணினார். "என்னங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. 10 நிமிஷத்துக்கு 3. ஒரு மணி நேரத்துல ஆறு பத்து நிமிஷம். அப்போ 18 போயிரும். 32ல 18 போனா 14. பாதிகூட இல்லையே! அதுவும் இறக்கத்துல!"

"சரியாச் சொன்னே தாயி" என்றார் கடைக்காரர். "அதுவும் இது நிக்கிற வண்டிக்குப் போட்ட கணக்கு. ரெண்டு பேர் ஏறி ஓட்டும்போது ஆணி உள்ளே ஆடும். டியூபைக் கிழிக்கும். ஒரு மணி நேரமெல்லாம் ஆகாது. சட்டுன்னு இறங்கிரும். போன மழைக்காலத்துல ஒருத்தர் இப்படித்தான் காத்து மட்டும் அடிச்சுக்கிட்டுப் போனாரு. வளைவுல வண்டி சாய்ஞ்சிருச்சு. பின்னாலே இருந்த அம்மாவுக்குக் கை முறிஞ்சுது. மூணு மாசம் கொழுந்து கிள்ள முடியலை. கூலியும் போச்சு."

முத்தையா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"அரை மணி நேரம்."

செல்லக்கனி மறுபடியும் கணக்குப் போட்டார். "இப்போ எட்டே கால். எட்டே முக்காலுக்கு வேலை முடிஞ்சுரும். ஒன்றரை மணி நேரம் போனா பத்தே கால். 11 மணிக்குத்தானே காதுகுத்து? நேரம் இருக்குங்க."

கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றினார். டியூபை வெளியே எடுத்தார். காற்று பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஓர் இடத்தில் குமிழி வந்தது. அங்கே தேய்த்து ஒட்டுப் போட்டார். பிறகு டயரிலிருந்து ஆணியைப் பிடுங்கினார். டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு துணியால் தடவிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி துணி?" என்று கேட்டார் முத்தையா.

"உள்ளே இன்னொரு முனை இருந்தாத் துணியில மாட்டும். அதைப் பார்க்காம டியூபை வச்சா, மறுபடியும் குத்தும். வெறுங்கையால தடவினாக் கையைக் கிழிச்சிரும்."

அவர்கள் பத்தரை மணிக்கு மறையூர் போய்ச் சேர்ந்தார்கள். மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை காது குத்திக் கொண்டது.

4. டியூப்லெஸ் டயராக இருந்தால்?

முத்தையாவின் வண்டியில் இருந்தது டியூப் டயர். அதில் ஆணி ஏறினால் ஒட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டும். டியூப்லெஸ் டயர் என்றால் கொஞ்சம் வசதி உண்டு. ஆனால் அதற்கும் சோதனை உண்டு.

முதலில், ஆணியைப் பிடுங்க வேண்டாம். பாட்டிலுக்கு மூடி போல ஆணியே ஓட்டையை அடைத்திருக்கும். பிடுங்கினால் காற்று போய்விடும்.

ஆணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டயரில் தரையில் படும் இடம் தடிப்பாக இருக்கும். மேடும் பள்ளமுமாக இருக்கும். கடைகளில் இதைப் பட்டன் என்பார்கள். இங்கே குத்தியிருந்தால் சரி செய்யலாம். பக்கவாட்டில் குத்தியிருந்தால் ஓட்டக் கூடாது. அந்த இடம் மெல்லியது. வண்டி ஓடும்போது அந்த இடம்தான் அதிகம் மடங்கும். அங்கே போட்ட ஒட்டு நிற்காது. டயரையே மாற்ற வேண்டும்.

சோப்புத் தண்ணீரை ஆணியைச் சுற்றி ஊற்றுங்கள். சோப்பு இல்லையா? எச்சிலும் போதும். குமிழி வந்தால் காற்று கசிகிறது.

சரியான அளவு காற்று பிடியுங்கள். 10 நிமிடம் பொறுங்கள். மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு குறையவில்லை என்றால் பக்கத்துப் பஞ்சர் கடை வரை போகலாம். ஆனால் தனியாகப் போங்கள். மூட்டை முடிச்சு வேண்டாம். 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். வழியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அளவு குறைந்தால் ஓட்ட வேண்டாம்.

இது கடைக்குப் போவதற்கு மட்டும்தான். "நேற்று ஓடியது, இன்றும் ஓடும்" என்று ஆணியோடு நாள் கணக்கில் ஓட்டக் கூடாது. ஆணி ஓடும்போது ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும். தண்ணீர் உள்ளே இறங்கி டயரைக் கெடுக்கும்.

கடையில் திரி போன்ற ரப்பரைச் செருகி ஓட்டையை அடைப்பார்கள். ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் அடைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அது ஏறக்குறைய ஒரு பென்சிலின் பருமன்.

5. புறப்படும் முன் ஐந்து கேள்விகள்

டயரில் ஆணி இருந்தால், அல்லது காற்று குறைந்தால், இந்த ஐந்தையும் கேளுங்கள்.

கேள்வி 1: டியூப் டயரா?
ஆம் என்றால் ஓட்ட வேண்டாம். ஒட்டிய பிறகு ஓட்டுங்கள்.

கேள்வி 2: பக்கவாட்டில் குத்தியிருக்கிறதா? டயர் கிழிந்திருக்கிறதா?
ஆம் என்றால் ஓட்ட வேண்டாம்.

கேள்வி 3: காற்று பிடித்து 10 நிமிடத்தில் அளவு குறைந்ததா?
ஆம் என்றால் ஓட்ட வேண்டாம்.

கேள்வி 4: முன் சக்கரமா?
ஆம் என்றால் இன்னும் கவனம். முடிந்தவரை தள்ளிக்கொண்டு போங்கள்.

கேள்வி 5: மலைச் சாலையா? நெடுஞ்சாலையா? மழையா? பின்னால் ஆள் உண்டா?
ஒன்று இருந்தாலும் ஓட்ட வேண்டாம்.

கடை தொலைவில் இருந்தால் என்ன செய்வது? சக்கரத்தை மட்டும் கழற்றி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டு போகலாம். கடைக்காரரைப் போனில் கூப்பிடலாம். பக்கத்து வீட்டில் சொல்லி வண்டியைப் பூட்டி வைக்கலாம். வண்டி நாளைக்கும் இருக்கும்.

செலவையும் யோசியுங்கள். ஒட்டுப் போட ஆகும் செலவு குறைவு. காற்று இல்லாமல் ஓட்டினால் டியூப் கந்தலாகும். வால்வு பிய்ந்து போகும். டயர் வெடிக்கும். ரிம் வளையும். அப்போது செலவு ஆயிரக் கணக்கில் வரும்.

6. ஓடும்போது காற்று இறங்கினால்

வண்டி திடீரென்று ஆடுகிறதா? பதற வேண்டாம்.

ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள்.
ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள்.
திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டாம்.
காற்று போன சக்கரத்தின் பிரேக்கைத் தொட வேண்டாம். நல்ல சக்கரத்தின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.
நேராகப் போய், வேகம் குறைந்த பிறகு இடது ஓரமாக நிறுத்துங்கள்.
வளைவில் நிற்க வேண்டாம். வளைவைத் தாண்டி நிறுத்துங்கள்.
பின்னால் இருப்பவரை முதலில் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

7. எண்களைப் படிப்போம்

நமக்கு எண்கள் தெரியும். டயரையும் ஒரு புத்தகம் போலப் படிக்கலாம்.

காற்றின் அளவு: வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் இருக்கும். முன் சக்கரத்துக்கு ஓர் அளவு. பின் சக்கரத்துக்கு ஓர் அளவு. வண்டிக்கு வண்டி மாறும். வண்டி ஓடிச் சூடாகும் முன்பு அளக்க வேண்டும். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

டயரின் வயது: டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் சேர்ந்து இருக்கும். உதாரணம், 1522. முதல் இரண்டு எண் வாரம். அடுத்த இரண்டு எண் வருடம். இந்த டயர் 2022ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் செய்தது.

தேய்மானம்: பட்டன் பள்ளம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்று இரு சக்கர வண்டிகளுக்கு மோட்டார் வாகன விதி சொல்கிறது. பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மொட்டை டயரில் ஆணி எளிதாக ஏறும். மழையில் வழுக்கும்.

வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்.

தெரிந்து கொள்வோம்

காற்று அடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அது அப்போது பரவவில்லை. பிறகு ஜான் பாய்டு டன்லப் என்பவர் வந்தார். அவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்று அடைத்த டயர் செய்தார். 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் காற்று டயர் உலகம் முழுவதும் பரவியது.

நினைவில் வைப்போம்

ஓட்டையின் அளவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.
காற்று நிற்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.
டியூப் டயர் என்றால் ஒட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.
டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்காமல், சோதித்து, தனியாக, மெதுவாக, கடை வரை மட்டும் போகலாம்.

பயிற்சி

அ. சரியா, தவறா?
1. டியூப்லெஸ் டயரில் ஆணியைக் கண்டவுடன் பிடுங்க வேண்டும்.
2. டயரின் பக்கவாட்டில் போட்ட ஒட்டு நிற்காது.
3. முன் சக்கரத்தில் காற்று போவது மிகவும் ஆபத்து.

ஆ. கணக்கு
1. காலையில் காற்றின் அளவு 28. பத்து நிமிடம் கழித்து 26. எவ்வளவு குறைந்தது? இதே கணக்கில் அரை மணி நேரத்தில் எவ்வளவு குறையும்? மீதி எவ்வளவு?
2. ஒரு டயரில் 0821 என்று இருக்கிறது. அது எந்த வருடம் செய்தது? எந்த வாரம்?

இ. விடை எழுதுங்கள்
1. முத்தையாவின் டயரில் கசிவு எங்கே என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார்?
2. அவர் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவியது ஏன்?

ஈ. செய்து பாருங்கள்
உங்கள் வீட்டு வண்டியில், அல்லது பக்கத்து வீட்டு வண்டியில், காற்றின் அளவு எழுதிய ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது? முன் சக்கரம் எவ்வளவு? பின் சக்கரம் எவ்வளவு? நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

உ. வட்டத்தில் பேசுங்கள்
"அவசரம், காற்று மட்டும் அடித்துக் கொடுங்கள்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?